ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவதற்கு எந்த இயர்போன்? தெளிவும் காதுவலியும்

கேள்வி: சிப்புட்_மலர்

அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவில், பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் நகரில் வசிக்கிறேன். எங்களைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. லயத்து வீடுகளில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்களில் பெரும்பாலோர் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். பால்மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்து, வாழ்ந்த மூத்தவர்களின் பேச்சையும், அவர்கள் பாடிய தாலாட்டு, ஒப்பாரிகளையும் கடந்த 2 ஆண்டுகளாகக் கைப்பேசியில் பதிவு செய்து வருகிறேன். ஏறக்குறைய 60 மணி நேரப் பதிவு சேர்ந்திருக்கிறது. இப்போது ஒவ்வொரு மாலையும் 3 அல்லது 4 மணி நேரம் உட்கார்ந்து, ஒரே வாக்கியத்தைப் பத்து முறை திருப்பிப் போட்டுக் கேட்டு, எழுத்தில் இறக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த வேலைக்கு ஏற்ற இயர்போனைப் பற்றித்தான் என் கேள்வி.

என்னிடம் காதுக்குள் செருகும் இயர்போன்கள் மூன்று இருக்கின்றன. முதலாவது, இங்குள்ள கைப்பேசிக் கடையில் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கிய கம்பி இயர்போன். காதில் வலியே தெரியாது. ஆனால் ஒலி மெலிந்து, தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதைப் போல் இருக்கிறது. அடிக்கடி நழுவியும் விழுகிறது. இரண்டாவது, ஈப்போவில் ஒரு கடையில் 190 வெள்ளி கொடுத்து வாங்கியது. ஒவ்வொரு பக்கத்திலும் 4 டிரைவர்கள் (ஒலியை எழுப்பும் சிறு பாகங்கள்) இருப்பதாகப் பெட்டியில் போட்டிருந்தது. கம்பியைக் காதுமடலுக்கு மேலாகச் சுற்றி அணிய வேண்டும். பேச்சு மிக நன்றாகக் கேட்கிறது. ஆனால் 40 நிமிடத்துக்குள் இடக்காதில் வலி தொடங்கிப் பிறகு தாடை வரை இறங்குகிறது. காதில் போட்ட பொருளைத் திரும்பப் பெற இயலாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது, என் தம்பி வாங்கித் தந்த கம்பியில்லா இயர்போன். வெளி இரைச்சலைக் குறைக்கும் வசதியும் அதில் உண்டு. அணிந்திருப்பதே தெரியாத அளவுக்குச் சுகமாக இருக்கிறது, ஆனால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, மிகுதி. பாட்டுக் கேட்க இனிமையான அந்த ஒலி, பாட்டிமாரின் பேச்சுக்கு ஆகவில்லை.

எந்த அளவுக்கு ஆகவில்லை என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 84 வயதுப் பாட்டி ஒருவர் தம் தாயாரைப் பற்றிப் பேசும்போது, "அம்மா அந்தக் கொள்ளையில போச்சு" என்கிறார். அல்லது "கொல்லையில போச்சு" என்கிறார். கொள்ளை என்றால் ஊரையே வாரிக்கொண்டு போகும் பெருநோய். கொல்லை என்றால் வீட்டின் பின்புறம். முதலாவது இயர்போனில் எனக்கு அது கொல்லை என்று கேட்கிறது, இரண்டாவதில் கொள்ளை என்று கேட்கிறது, மூன்றாவதில் இரண்டுமாக இருக்கிறது. அந்தப் பாட்டி சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். கேட்டுத் தெளிந்துகொள்ள இனி வழியில்லை. ஒரு பெண் எப்படி இறந்தாள் என்பது அந்த ஓர் எழுத்தில் நிற்கிறது. அதை ஊகித்து எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

மாலை மழை தகரக் கூரையில் இறங்கும் நேரத்தில் எதை அணிந்தாலும் ஒலியளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெளிவையும் சுகத்தையும் ஒன்றாகத் தரும் இயர்போன் 250 வெள்ளிக்குள் கிடைக்குமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.


மறுமொழி: மைக்செட்_அண்ணன், பீடோர்

சகோதரி மலர் அவர்களுக்கு வணக்கம். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது என் தொழில். நாதஸ்வரமும் தவிலும் உருமி மேளமும் ஒரே மேடையில் வரும்போது எந்த ஒலி எதை விழுங்குகிறது என்பதைக் கவனித்தே எனக்கு 20 ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. புதிய இயர்போன் எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். கையிலிருக்கும் மூன்றையும் நீங்கள் இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

செருகும் வகை இயர்போனில் பாதி ஒலியைத் தீர்மானிப்பது அதன் முனையிலுள்ள ரப்பர்தான். ரப்பருக்கும் காதுத் துளையின் சுவருக்கும் இடையில் மெல்லிய இடைவெளி இருந்தாலும், கீழ்ச்சுருதி ஒலிகள் அதன் வழியே கசிந்து போய்விடும். மேல்சுருதி மட்டும் மிஞ்சும். உங்கள் 35 வெள்ளி இயர்போன் தகர டப்பாவைப் போல் ஒலிப்பதும், நழுவி விழுவதும், வலிக்காமல் இருப்பதும் மூன்று தனித்தனிச் செய்திகள் அல்ல. ரப்பர் உங்கள் காதுக்குச் சிறியது என்ற ஒரே செய்தியின் மூன்று அடையாளங்கள் அவை. மழையின் இரைச்சல் உள்ளே வருவதும் அதே இடைவெளியின் வழியாகத்தான். சோதித்துப் பாருங்கள்: ஆண்குரல் பேசும் பதிவு ஒன்றை ஓடவிட்டு, இயர்போனை விரல் நுனியால் மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது குரல் கனத்து, விரலை எடுத்ததும் மெலிந்தால், காது சரியாக அடைபடவில்லை என்று பொருள். பின்பு வாயைத் திறந்து மூடியபடியும் கேளுங்கள். தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமும் சற்று மாறும். அப்போது ஒலி வந்து வந்து போனால் ரப்பரின் அளவை மாற்ற வேண்டும். இரண்டு காதுகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. என் வலக்காதுக்கு நடுத்தரமும் இடக்காதுக்குச் சிறியதும் பொருந்துகின்றன. இதை அறியாமல் பல ஆண்டுகள் இரண்டிலும் நடுத்தரத்தையே திணித்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் இடக்காதில் மட்டுமே வலி என்பதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

இனி, அந்தக் கொல்லை, கொள்ளை. ல, ள, ழ மூன்றையும் நம் காது பிரித்தறிவதற்கான குறிப்புகள் பெரும்பாலும் ஏறத்தாழ 1,200 முதல் 3,500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இருக்கின்றன. நாவை மடிப்பதும் நீட்டுவதும் வாயறையின் ஒத்ததிர்வுகளை அந்தப் பகுதியில்தான் நகர்த்துகின்றன. காதுத் துளை ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய் என்பதால், திறந்த காதில் அது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயல்பாகவே உயர்த்திக் கொடுக்கும். இயர்போனைச் செருகியதும் அந்த இயற்கையான உயர்வு கலைந்துவிடுகிறது. ஆகவே இயர்போனை வடிவமைப்பவர் அதே உயர்வைத் தம் கருவிக்குள் மீண்டும் உண்டாக்கித் தர வேண்டும். அதைச் செம்மையாகச் செய்தவரின் இயர்போனில் பேச்சு உயிருடன் இருக்கும். பேஸை மட்டும் ஏற்றிவிட்டவரின் இயர்போனில் பேச்சு கம்பளிக்குள் புதைந்துவிடும். அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாழ்ந்த ஒலி உரத்து ஒலிக்கும்போது தனக்கு மேலேயுள்ள ஒலிகளையும் மறைக்கும் இயல்புடையது. மேல் ஒலி கீழ் ஒலியை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. திருவிழாவில் உருமியின் மைக்கைக் கொஞ்சம் ஏற்றினால் பாடுகிறவரின் சொற்கள் கரைந்துபோவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உங்கள் தம்பி தந்த இயர்போனுக்குக் கைப்பேசியில் செயலி இருந்தால், அதில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 டெசிபெல் அளவு குறைத்துவிட்டு மீண்டும் கேளுங்கள். பாதிக் குறை அங்கேயே தீர்ந்துவிடலாம். ஆனால் கம்பியில்லாதவற்றில் ஒலி சற்றுத் தாமதித்தே வரும். நிறுத்தி, திருப்பி, மீண்டும் ஓடவிடும் உங்கள் வேலையில் அந்தத் தாமதம் கையைத் தடுமாறச் செய்யும் என்பதால், எழுதும் வேலைக்குக் கம்பியே உகந்தது என்பது என் முடிவு.

டிரைவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காதுகேள் கருவிகளுக்காக உருவான பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை டிரைவர்கள் மிகச் சிறியவை. பேச்சைத் துல்லியமாகக் கொடுப்பவை. 1991இல் வெளிவந்த எட்டிமோட்டிக் ஈஆர்-4 இயர்போனில் பக்கத்துக்கு அத்தகைய ஒரே ஒரு டிரைவர்தான். தெளிவுக்கு இன்றும் அதை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். ஆனால் மூன்றடுக்கு ரப்பரைக் காதுக்குள் ஆழமாக இறக்க வேண்டும் என்பதால், பலருக்கு அது 10 நிமிடம்கூட ஒத்துக்கொள்வதில்லை. ஷூர் எஸ்இ215 என்ற மற்றோர் இயர்போன், ஒலிபெருக்கியைப் போன்று இயங்கும் ஒரே டைனமிக் டிரைவர் கொண்டது. உடல் தட்டையாகக் காதில் படிந்து அமர்ந்துவிடும். அதன் பேஸ் உங்கள் வேலைக்குச் சற்று மிகுதி. நூறு வெள்ளியை ஒட்டிய விலையிலேயே இப்போது ஒற்றை டிரைவரில் பேச்சுக்கு ஏற்ற நல்ல கருவிகள் வந்துவிட்டன. நான்கு டிரைவர்களை ஒரு கூட்டுக்குள் அடைக்கும்போது கூடு பருத்துவிடுகிறது. பருத்த கூடு காதுமடலின் குழியில் இடிக்கிறது. உங்கள் வலிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

மூன்றையும் ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். சற்றே உரத்துக் கேட்பது நமக்கு எப்போதும் தெளிவானதாகத் தோன்றும். நான் தொழிலில் முதலில் ஏமாந்தது அதில்தான்.


மறுமொழி: ஆலை_மெக்கானிக், தெலுக் இந்தான்

மைக்செட் அண்ணன் சொன்னவற்றை நான் ஏற்கிறேன். செம்பனை எண்ணெய் ஆலையில் பணிபுரிபவன் என்ற முறையில் மழையைப் பற்றியும் ஒலியளவைப் பற்றியும் மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

இரைச்சல் குறைக்கும் மின்னணு வசதி, காற்றாடி, என்ஜின் போன்று ஒரே சீராக முழங்கும் தாழ்ந்த ஒலிகளுக்குத்தான் நன்றாக வேலை செய்யும். தகரக் கூரையில் விழும் மழையில் மேல்சுருதி ஒலிகள் நிறைய இருப்பதால், அந்த வசதி அங்கே பெரும்பாலும் தோற்றுவிடும். மேல்சுருதியைத் தடுக்கக் காதை நன்றாக அடைக்கும் ரப்பர் அல்லது நுரை முனைதான் வேண்டும். நீங்கள் நுரை முனையை முயன்று பார்க்கலாம். ஆனால் அதைச் செருகும் முறை தெரியாமல் செருகினால் பயனில்லை. ஆலையில் எங்களுக்குக் கொடுக்கும் காதடைப்பானை அணியக் கற்றுக்கொடுத்த முறையே இதற்கும் பொருந்தும். சுத்தமான, ஈரமில்லாத விரல்களால் நுரையை உருட்டி மெலிதாக்க வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்புறமாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னும் சற்று இழுத்துப் பிடித்தால் வளைந்த துளை நேராகும். அப்போது செருகிவிட்டு, நுரை விரிந்து நிறையும் வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். பலர் அந்த அரை நிமிடம் பொறுப்பதில்லை. நுரை துளையின் வடிவத்துக்கே விரிந்துகொள்வதால், கடினமான ரப்பரைப் போல் ஓரிடத்தில் மட்டும் குத்தாது. மேல்சுருதியை அது ஓரளவு மட்டுப்படுத்தும். உங்கள் 4 டிரைவர் இயர்போனுக்கு அந்த இழப்பு பொருட்டல்ல.

ஒலியளவைக் கூட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை எழுதத் தூண்டியது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகளின்படி, 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்பது தொழிலாளிக்கான உச்ச வரம்பு. இயர்போனில் கேட்பவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் இன்னும் கடுமையான கணக்கைச் சொல்கிறது: 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்; அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 89 டெசிபெலில் கேட்டால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான் மிஞ்சுகிறது. நீங்கள் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குக் குறையாமல் கேட்கிறீர்கள். எங்கள் ஆலையில் கொதிகலன் பக்கம் நெடுநாள் நின்ற மூத்தவர்கள் சிலர், எதிரில் நின்று பேசினாலும் பாதிச் சொல்லைத்தான் பிடிக்கிறார்கள்; அவர்களிடமிருந்து முதலில் போனவை மேல்சுருதி ஒலிகள். எழுத்தைப் பிரித்தறியும் காதை நம்பி இந்த வேலையைச் செய்யும் நீங்கள் அந்தக் காதைச் செலவழித்துவிடக் கூடாது. மழை வலுத்தால் ஒலியைக் கூட்டாமல் பதிவை நிறுத்திவிட்டு, ஏற்கெனவே எழுதியதைச் சரிபார்க்கும் வேலையை அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.


மறுமொழி: ஓய்வுபெற்ற_தாதி, கோலகங்சார்

மலர், மகளே, நீ எடுத்துக்கொண்டிருக்கும் வேலை பெரிய வேலை. அதனால்தான் காதைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

நுரை முனையை ஆலையில் பணிபுரியும் தம்பி பரிந்துரைத்திருக்கிறார். நான் முழுமையாக ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் 3 மணி நேரம் காதை அடைத்து வைத்தால் உள்ளே வியர்த்து ஊறிவிடும். ஊறிய தோலில் அரிப்பும், பிறகு பூஞ்சைத் தொற்றும் வருவதைப் பணிக்காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். நுரை அந்த ஈரத்தையும் குறும்பியையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ரப்பரைப் போல் நன்றாகக் கழுவிக் காயவைக்க வராது. நுரையைப் பயன்படுத்துவதானால் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றிவிட வேண்டும். சிலிகான் ரப்பரை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, முற்றிலும் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். குளித்த கையோடு இயர்போன் அணியாதே. 45 நிமிடத்துக்கு ஒருமுறை கழற்றி, காதுக்குக் காற்றுப் படவிடு.

பஞ்சுக் குச்சியைக் காதுக்குள் விடாதே. அது குறும்பியை உள்ளேதான் தள்ளும். இயர்போனின் வாயில் மெல்லிய வலை இருக்கும்; வெளிச்சத்தில் பிடித்துப் பார். அதில் குறும்பி படிந்திருந்தால் அந்தப் பக்கத்து ஒலி மங்கும், நீயோ காது மந்தமாகிவிட்டது என்று அஞ்சி ஒலியைக் கூட்டுவாய். வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துக்கொண்டு, மென்மையான உலர்ந்த பல்துலக்கியால் தட்டியெடுத்தால் போதும். தாடை வரை வலி இறங்குகிறது என்கிறாய். இயர்போனை ஒரு வாரம் விட்ட பிறகும் அது குறையாவிட்டால், இங்கே கேட்டுக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போய்க் காதைக் காட்டிவிடு.


மறுமொழி: சிப்புட்_மலர்

அண்ணன், ஆலையிலுள்ள சகோதரர், தாதி அம்மா மூவருக்கும் என் நன்றி. ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் வாரம் தாதி அம்மா சொன்னபடி எந்த இயர்போனையும் அணியவில்லை. வலி நான்காம் நாளே நின்றுவிட்டது.

பிறகு மூன்றையும் மேசையில் வைத்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்தேன். 35 வெள்ளி இயர்போனின் இடப்பக்க வலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு படலம் பாதித் துளைகளை மூடியிருந்தது. பார்த்ததும் கூச்சமாகிவிட்டது. பல்துலக்கியால் தட்டி எடுத்தேன். அதோடு வந்த பையில் பயன்படுத்தாமலே கிடந்த பெரிய ரப்பரை வலப்பக்கத்திலும் நடுத்தர ரப்பரை இடப்பக்கத்திலும் மாட்டி, விரலால் அழுத்திச் சோதித்தபோது ஒலி மாறவில்லை. தகர டப்பா போய்விட்டது. அதே 35 வெள்ளிப் பொருள்தான். குரலுக்கு உடம்பு வந்துவிட்டது.

190 வெள்ளி இயர்போனின் வலி காதுத் துளைக்குள் எழவில்லை என்பதையும் கண்டுகொண்டேன். கழற்றியதும் காதை விரல்நுனியால் தொட்டுப் பார்த்தேன். மடலின் குழிக்குள், பின்பக்க மேட்டில், பச்சைப்பயறளவு இடம் மட்டும் கன்றிப்போயிருந்தது. கூட்டின் விளிம்பு அங்கே இடித்திருக்கிறது. நுரை முனை ரப்பரைவிட நீளமாக இருப்பதால் கூடு சற்று வெளியே தள்ளி அமர்கிறது, இடிப்பதும் நின்றுவிட்டது. தாதி அம்மா கண்டித்ததை மறக்கவில்லை. நுரையை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், ஐயமுள்ள இடங்களைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். மற்ற நேரத்துக்கு 35 வெள்ளி இயர்போனே போதுமானதாக இருக்கிறது. கம்பியில்லாததில் பேஸைக் குறைத்தேன். பேச்சு தெளிந்தது உண்மை. ஆனால் அண்ணன் சொன்ன தாமதம் எழுதும்போது இடறுகிறது. ஆகையால் அது பாட்டுக்கும் நடைப்பயிற்சிக்கும் போய்விட்டது.

இனி அந்தச் சொல். மழையில்லாத ஒரு காலைப்பொழுதில், இரண்டு கம்பி இயர்போன்களின் ஒலியளவையும் ஒத்துவைத்துக்கொண்டு கேட்டேன். இரண்டிலும் கொள்ளை என்றே கேட்டது. என் ஆசையே அப்படிக் கேட்கவைக்கிறதோ என்ற ஐயத்தில், எதையும் சொல்லாமல் என்னைப் பெற்ற அம்மாவை அழைத்து அவர் காதில் போட்டேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அவர், ஒரே முறை கேட்டுவிட்டு, "கொள்ளைன்னுதானே சொல்றாங்க" என்றார். அதைவிடப் பெரியது ஒன்று அதற்குப் பின்னால் இருந்தது. அந்த வாக்கியம் முடிந்ததும் பாட்டி மூச்சு வாங்கும் இடம் என்று நான் இத்தனை நாளும் விட்டுவந்த நொடிகளில், மிகத் தாழ்ந்த குரலில் அவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். "ஒரே லயத்துல எட்டுப் பேரு" என்பது அந்தச் சொற்கள். முன்பு நான் கேட்டபோதெல்லாம் அது மழையோடு கரைந்துபோயிருக்கிறது.

கொள்ளை என்று எழுதி, எட்டுப் பேரையும் சேர்த்து, பதிவின் நிமிடத்தையும் நொடியையும் பக்க ஓரத்தில் குறித்துவைத்துவிட்டேன். இதற்கு முன் எழுதி முடித்த 22 மணி நேரப் பதிவையும் முதலிலிருந்து திரும்பக் கேட்கப் போகிறேன். சிறிய அளவு நுரை முனை ஈப்போவிலோ தைப்பிங்கிலோ எந்த வகைக் கடையில் கிடைக்கும் என்பது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். இங்கே நடுத்தர அளவு மட்டுமே கிடைக்கிறது.